ஓரடி ஓரடியாய்ப் போன வீடு

முப்பிடாதியின் கை பீடி சுற்றிக்கொண்டிருந்தது. மடியில் சுளகு, சுளகில் ஒரு பக்கம் வெட்டிவைத்த இலை, மறுபக்கம் தூள், விரலில் சுற்றிய சிவப்பு நூல். இலையை எடுத்து, தூளைத் தூவி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுக்கிறதுக்குள் கை அடுத்த இலைக்குப் போய்விடும், அந்தக் கைக்குக் கண்ணும் வேண்டாம், மனசும் வேண்டாம். சாயங்கால வெயில் நிலைக்கதவுக்கு வந்த நேரம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷன் வெயிலுமுத்து வலது காலைத் தூக்கி வாசல்படியில் வைத்தான். வைத்ததும், தினமும் போல, வீடு ஓரடி பின்னால் நகர்ந்தது.

சுளகில் கிடந்த தூள் லேசாக ஒரு பக்கம் ஒதுங்கியது, அவ்வளவுதான். அடுப்பில் கொதித்த குழம்பு சிந்தவில்லை, காலண்டர் ஆடவில்லை, பாயில் தூங்கிய மூன்று வயசு தர்ஷினி புரண்டுகூடப் படுக்கவில்லை. வெயிலுமுத்துதான் காலுக்குக் கீழே படி நழுவியதில் தடுமாறி, நிலையைப் பிடித்துக்கொண்டு, "எவன்லே படிய எடுத்து மாத்தி வச்சது" என்று வைதுவிட்டு, உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்தான். முப்பிடாதி தலை நிமிரவில்லை. மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டாள். நேற்று ஒன்பது, இன்றைக்கு எட்டு.

வீட்டுப் புறவாசலிலிருந்து கல்குவாரிப் பள்ளம் இன்னும் எட்டடி. கல்லெடுத்து விட்டுப்போன பள்ளம் அது, அடியில் பச்சைத் தண்ணீர் கிடந்தது, கல்லைப் போட்டால் சத்தம் மேலே வர நேரமாகும். எட்டு நாளில் வீடு அதற்குள் இறங்கும், அவனும் அவளும் பிள்ளையும் இறங்குவார்கள் என்று கீழப்பாறைக்குளத்தில் எல்லாருக்கும் தெரியும், அடுத்த வாரம் எந்தக் கிழமை என்றுகூடத் தெரியும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் அந்த வீடு தெருவோடு தெருவாகத்தான் நின்றது. ஊரிலேயே பேர்பெற்ற கொத்தனார் வெயிலுமுத்து, அவன் கட்டிய சுவரில் தூக்குக்குண்டை விட்டால் நூல் மயிரிழை விலகாது என்று பேர். தன் வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது பள்ளத்தை நினைத்து, டேப்பைப் பிடித்து, அதிலிருந்து ஒரு பர்லாங், அறுநூற்றுச் சொச்சம் அடி, தள்ளித்தான் கோடு கிழித்தான். அப்படிப்பட்டவன், அதுவரை விசேஷ வீட்டில் மட்டும் குடித்தவன், ஒருநாள் பாலத்துக்கடையில் நிறையக் குடித்துவிட்டு வந்து படியில் கால் வைத்தபோது வீடு முதல் அடியை எடுத்து வைத்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு ராமலட்சுமி குடத்தோடு வந்தவள் நின்று பார்த்து, "ஏளா முப்பிடாதி, உங்க வீடு என்ன, வெக்கப்பட்ட பிள்ள மாதிரி உள்வாங்கி நிக்கு?" என்று கேட்டாள். முப்பிடாதிக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு எதையும் சொல்லத் தெரியாது. அஞ்சாங்கிளாஸில் வாத்தியார் எழுப்பிக் கேட்டால் விடை தெரிந்தும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அந்த நிற்பை இன்றைக்குவரைக்கும் அவள் விடவில்லை.

அவன் குடிக்காமல் வந்த நாளில் வீடு அசையாது, குடித்துவிட்டு வந்த நாளில் ஓரடி போகும், போனது திரும்பி வராது. குடிக்காமல் வந்த நாள் குறைந்துகொண்டே வந்தது. மாசத்தில் ஒருநாள், பிறகு அதுவுமில்லை. முதலில் வாசலில் கிடந்த துவைக்கிற கல் தனியாக நின்றது, பிறகு முருங்கை தனியாக நின்றது, பிறகு சர்க்காரில் கட்டிக் கொடுத்த கக்கூஸ் நடுத்திடலில் தனியாக நின்றது, மழையில் முப்பிடாதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, அதுவரைக்கும் நடந்தாள்.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்குப் பழகுகிறதுக்கு மூணு மாசம் போதும். கரண்டு ஆபீஸ் ஆட்கள் வந்து வயர் பத்தவில்லை என்று ஒரு போஸ்ட் நட்டார்கள், ஆறு மாசம் கழித்து இன்னொன்று நட்டார்கள், மூன்றாவது நடும்போது, "எம்மா, சொல்லிட்டுப் போகச் சொல்லும்மா உன் வீட்ட, நாங்க முன்னக்கூட்டியே குழி தோண்டி வச்சிருதோம்" என்று சிரித்தார்கள். வீடு விட்டுப்போன வெறும் தரை மெழுகினதுபோல வழவழவென்று இருந்ததால் பொம்பளைகள் அதில் வத்தல் காயப்போட்டார்கள், விடலைகள் வாலிபால் வலை கட்டினார்கள், அம்மன் கொடைக்கு ராட்டினம்காரன் வந்து இதைவிட நல்ல இடம் ஏழு ஊரில் கிடையாது என்றான். தேர்தல் வந்தபோது, "போற போக்குல உன் வீடு அடுத்த பஞ்சாயத்துக்குள்ள போயிரும் போலிருக்கே முப்பிடாதி, ஓட்டு அங்கயா இங்கயா?" என்று கேட்டு, கேட்டவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

நிறுத்தவும் பார்த்தார்கள், இல்லையென்று சொல்ல முடியாது. தேர் இழுக்கிற வடத்தைக் கொண்டுவந்து வீட்டைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை வேப்பமரத்தில் முடிந்தார்கள். நாலாம்நாள் வேப்பமரம் சாய்ந்தது, வீடு போனது. சாமியாடுகிற கோமரத்தாடி அருள் வந்து வாசலில் பூசணிக்காய் கட்டச் சொன்னார், கட்டினார்கள், பூசணிக்காயும் கூடவே போனது. ஜேசிபிக்காரன் வந்து முட்டுக்கொடுத்துப் பார்த்தான். வீடு போகிறதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், எதனால் போகிறது என்று ஒருத்தரும் பேசவில்லை. பேசினால் பாலத்துக்கடைப் பேச்சு வரும், அந்தப் பேச்சு வந்தால் எந்த வீட்டு ஆம்பளையும் மிச்சமில்லை. வேறு ரெண்டு வீடும் ஒரு விரற்கடை உள்வாங்கியிருந்ததை அந்தந்த வீட்டுப் பொம்பளைகள் மட்டும் அறிந்து, விடிகிறதுக்கு முன்னால் விரிசலில் சாந்தை அப்பிக்கொண்டார்கள்.

ஒத்துக்கொள்ளாதவன் ஒருத்தன்தான், வெயிலுமுத்து. யாராவது கேட்டால் தூக்குக்குண்டை எடுத்துவந்து சுவரில் விட்டுக் காட்டுவான். "பாரும்வே, நூல் ஆடுதா? நகர்ந்த சுவருன்னா ஆடும்லா? ரசமட்டத்த வச்சுப் பாரும். நான் போட்ட அஸ்திவாரம் நகருமா? எங்க வீடு இருந்த இடத்துலதான் இருக்கு. தெருதான் தள்ளிப் போயிருக்கு." கேட்டவர்கள் அதையும் ஒத்துக்கொண்டு போனார்கள். வேலை கெட்டிக்காரன், வேலைக்காரன் சொன்னால் தலையாட்டுகிறது ஊர் வழக்கம்.

முப்பிடாதிக்குத்தான் தெருச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முன்னால் நாலு வீட்டுப் பொம்பளைகள் சேர்ந்து உட்கார்ந்துதான் பீடி சுற்றுவார்கள், சிரிப்பும் ஏச்சும் நாடகக் கதையுமாகக் கைவேலை ஓடும், முப்பிடாதி பேசாவிட்டாலும் அந்தப் பேச்சுக்குள் உட்கார்ந்திருப்பாள். வீடு போகப் போக அவர்கள் குரல் கேட்டது, பேச்சு கேட்கவில்லை, பிறகு சிரிப்பு மட்டும் கேட்டது, பிறகு மைக்செட்டு மட்டும் கேட்டது, பிறகு காற்று. "ரொம்ப தூரம்லா, காலு வலிக்குளா" என்று ராமலட்சுமி வருகிறதை நிறுத்தினாள். தெருப்பைப்பில் தண்ணீர் பிடித்துவர நாளைக்கு ஆறு நடை. தர்ஷினி யாரோடும் பேசக் கிடைக்காமல் சுவரோடு பேசப் பழகினாள், சுவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

அந்த நாளில் அங்கே நடந்து வந்த ஒரே ஆள் ஸ்டெல்லா நர்சம்மா. வீடு எட்டடிக்கு வந்த அன்றைக்குக் காலையில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்துப் பெட்டியோடு அந்தத் திடல் முழுக்க வெயிலில் நடந்து வந்து, தர்ஷினி வாயில் ரெண்டு சொட்டு விட்டு, ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, உள்ளே படுத்துக்கிடந்த வெயிலுமுத்துவின் கண்ணை இமையை விலக்கிப் பார்த்தாள். மஞ்சளாக இருந்தது. புறவாசலைத் திறந்து பள்ளத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "எம்மா, எத்தன வருசமா குடிக்காரு?" என்று கேட்டாள். முப்பிடாதி சுளகைப் பார்த்தாள்.

"சரி, சொல்லாண்டாம். நான் சொல்லுதத மட்டும் கேளு. டவுன்ல குடிய நிறுத்துத ஆஸ்பத்திரி இருக்கு. இங்க வீட்டுல வச்சு நிறுத்திராத, வலிப்பு வந்துரும், அங்கதான் மருந்து குடுத்து நிறுத்துவாவ. ஆள விட்டுக் கட்டித் தூக்கிட்டும் போயிராத, அப்படிப் போனவுக திரும்பி வந்து ரெண்டு மடங்கு குடிச்சிருக்காவ. அவரு வாயால வாரேன்னு சொல்லணும்."

"அவிய சொல்ல மாட்டாவ."

"ஒருத்தர் கேட்டா சொல்ல மாட்டாரு. அவருமேல பிரியம் உள்ளவுக எல்லாரும் ஒண்ணா உக்காந்து, கடை திறக்கதுக்கு முன்னால, காலையிலயே, ஏசாம, அழுது மாய்மாலம் பண்ணாம, கண்ணால கண்டத மட்டும் சொல்லணும். அன்னைக்கே கூட்டிட்டுப் போயிரணும். நான் கட்டிலுக்குச் சொல்லி வைக்கேன். யாரெல்லாம் இருக்காவ?"

யாரெல்லாம் இருக்காவ. முப்பிடாதி அந்தக் கேள்வியை நாள்முழுக்கச் சுளகில் போட்டுப் புடைத்தாள். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அவனோடு சாரத்தில் நிற்கிற கொத்தனார் சவரிமுத்து உண்டு. பிறகு, அவன் கூடப்பிறந்த அக்கா சொர்ணம்.

சொர்ணத்தோடு பேச்சில்லை, மூணு வருசமாக. அவள் மகள் பெரியவளானபோது சடங்குக்குத் தாய்மாமன் முறை செய்யவேண்டியவன் வெயிலுமுத்து ஒருத்தன்தான். பட்டுப்பாவாடையும் தாவணியும் கொலுசும் வாங்கி வைத்துவிட்டு அக்கா வெற்றிலை பாக்கோடு வந்து அழைப்பாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான், சொர்ணம் போனில் சொன்னாள். "போன்ல சொன்னா போதுமாக்கும்? நான் என்ன பால்காரனா?" என்று அவன் போகவில்லை. மாமன் இல்லாத சடங்கு என்று அவள் ஊரில் பேசினார்கள், மருமகளுக்குச் சீர் செய்ய விடாத அக்கா என்று இவன் ஊரில் பேசினார்கள். முறை தப்பினால் இந்தப் பக்கம் வெட்டுக்குத்தைவிடப் பெரிய பகை.

மறுநாள் காலையில் முப்பிடாதி ஒரு மஞ்சப்பையில் வெற்றிலையும் பாக்கும் ரெண்டு பழமும் போட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கல்யாணமான பிறகு அவள் தனியாக ஏறிய முதல் பஸ் அது. சொர்ணத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள், கூப்பிடத் தெரியாமல் நின்றாள், பிள்ளை இருமவும் சொர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, யாரிது? தந்திக்கம்பம் மாதிரி நின்னா யாருன்னு தெரியும்? உள்ள வாயேன்ட்டி." வயிற்றைப் பார்த்தாள். "என்ன, ரெண்டாவதா?"

"இல்ல மதினி."

"பெறகு?"

முப்பிடாதி ஒரு தட்டு கேட்டு வாங்கி, வெற்றிலை பாக்கைப் பரப்பி, பழத்தை வைத்து, கிழக்கே பார்த்து நின்று நீட்டினாள். "அவியள ஆஸ்பத்திரில சேக்கணும். நீங்க வந்து இருந்து நடத்தித் தரணும்."

"இதுக்கா வெத்தலை பாக்கு? உனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"

"போன்ல சொன்னா நீங்க வரமாட்டியன்னு நெனச்சேன்."

குத்திப்பேச அவளுக்குத் தெரியாது, மனசில் பட்டதைச் சொன்னாள், அதனாலேயே அது சொர்ணத்துக்கு ஆழமாக இறங்கியது. பெரிய சத்தக்காரி சொர்ணம், அன்றைக்கு இடுப்பில் செருகிய முந்தியை எடுத்துக் கையைத் துடைத்தாள். பிறகு ரெண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

"எத்தன அடி இருக்கு?"

"காலையில எட்டு. நான் போய்ச் சேரதுக்குள்ள ஏழாயிரும்."

"அவன நான் முறையாத்தான் அழைக்கணும்," என்றாள் சொர்ணம், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறதுபோல.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்குக் கீழப்பாறைக்குளம் ஒரு சீர்வரிசையைப் பார்த்தது. முன்னால் பட்டுச்சேலையில் சொர்ணம், அவள் கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் வெள்ளைவேட்டியில் சவரிமுத்து, அவன் கையில் பழத்தட்டு. அதற்குப் பின்னால் ஸ்டெல்லா நர்சம்மா, அவள் தட்டில் உடுத்துகிற புதுச்சாரம் ரெண்டு, துண்டு ஒன்று, சோப்பு, சீப்பு, பல்பொடி, அந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவரச் சொன்ன சாமான்கள். தட்டு ஒற்றைப்படையில் இருக்கவேண்டும் என்று சொர்ணம் மூன்றோடு நிறுத்தியிருந்தாள். தெரு முழுக்க வெளியே வந்து நின்று, "என்ன விசேஷம், என்ன விசேஷம்" என்று கேட்டது. "நம்ம வீட்டு விசேஷம்தான்" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் துவைக்கிற கல்லைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, வாலிபால் வலையைத் தாண்டி, கக்கூஸைத் தாண்டி, மூன்று கரண்டு போஸ்டையும் தாண்டி நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள், தூரம் எவ்வளவு என்றால் சொர்ணம் தலையில் வைத்த பிச்சிப்பூ பாதித் திடலில் வாடிவிட்டது.

வெயிலுமுத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். கை நடுங்கியது, காலையில் எப்போதும் நடுங்கும், பாலத்துக்கடை பன்னிரண்டுக்குத் திறக்கிற வரைக்கும் நடுங்கும். அக்காளின் பட்டுச்சேலையும் கையில் தட்டும் தெரிந்ததும் உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான், பட்டன் ஒன்று மாறிப்போனது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"வழி நீண்டுபோச்சுலே தம்பி. நடந்து வர மூணு வருசம் ஆயிட்டு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். பாய் விரித்து உட்கார்ந்தார்கள். சொர்ணம் தட்டை அவன் முன்னால் நீட்டினாள். "உன்ன முறையா அழைக்க வந்திருக்கேன். அக்கா நேர்ல வந்து அழைக்கேன். வரணும்."

"எங்க? யாருக்குக் கல்யாணம்?"

"ஆஸ்பத்திரிக்கி."

அவன் பார்வை மூன்றாவது தட்டில் இருந்த சோப்பிலும் சீப்பிலும் போய் நின்றது. முகம் மாறியது. "எனக்கென்ன சீக்கு? எல்லாரும் சேந்து கோட்டிக்காரனாக்க வந்தியளா? குடிக்கேன், எவன் குடிக்கல? வேலைக்கிப் போறேன்லா? சவரி, சொல்லும்வே."

சவரிமுத்து பழத்தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான். "போன மாசம் ரெண்டாவது மாடிச் சாரத்துல உமக்குக் கை ஆடுச்சு. சாந்து பூசுத கொலுறு கீழ விழுந்துச்சு. கீழ ஒரு சித்தாளுப் பிள்ள நின்னா, ஒரு சாண்ல தப்பிச்சா. நான் மேஸ்திரிட்ட என் கையிலிருந்து நழுவினதுன்னு சொன்னேன். அது பொய்வே. அதுக்குப் பெறகு நான் உமக்குக் கீழ நிக்கதே இல்ல. பயமாருக்கு."

வெயிலுமுத்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அடுத்தது சொர்ணம். ஏசக்கூடாது, அழக்கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்ததால் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாமிக்கு முன்னால் சொல்கிறதுபோலச் சொன்னாள்.

"அன்னைக்கு மறந்துபோயி போன் பண்ணலலே. வேணும்னுதான் பண்ணேன். போன்ல சொன்னா நீ வரமாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ குடிச்சிட்டு வந்து, எம் பிள்ள மாலையோட உக்காந்திருக்க எடத்துல, நாலு பேர் முன்னால விழுந்துருவியோன்னு பயந்தேன். எனக்கு ஒரே தம்பி. நீ வராம இருக்கணும்னு நானே ஏற்பாடு பண்ணேன். மூணு வருசமா உன்னத்தான் குத்தம் சொன்னேன்."

தர்ஷினி சுவரோடு பேசுகிறதைக்கூட நிறுத்திவிட்டாள். வெயிலுமுத்துவின் உதடு கோணியது, அவன் எழுந்து, ஆணியில் தொங்கிய தூக்குக்குண்டை எடுத்து, நடுங்குகிற கையால் சுவரில் விட்டான். நூல் ஆடியது, சுவரால் அல்ல, கையால். "பாருங்க, எல்லாரும் பாருங்க. என் வீடு இருந்த இடத்துலதான் இருக்கு. நான் அளந்து போட்ட வீடு. தெருதான் போயிருக்கு. தெரு என்ன விட்டுட்டுத் தள்ளிப் போயிருக்கு, நீங்கள்லாம் சேந்து போயிருக்கிய."

நர்சம்மா முப்பிடாதியைப் பார்த்தாள். சொர்ணமும் பார்த்தாள். அவள் முறை. முப்பிடாதி தரையைப் பார்த்தாள், பாயின் கோரையைப் பார்த்தாள், அஞ்சாங்கிளாஸ் பெஞ்சைப் பார்க்கிறதுபோலவே பார்த்தாள். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த அவன் வேலைப்பையைத் திறந்து, டேப்பை எடுத்து, புறவாசல் கதவைத் திறந்தாள். நுனியை அவன் கையில் கொடுத்தாள். "பிடிங்க," என்றாள். வேலைக்காரன் கை, டேப்பின் நுனி வந்ததும் தானாகப் போய் நிலைக்கு அடியில் அழுத்தியது. அவள் டேப்பை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள், ஒரு எட்டு, ரெண்டு எட்டு, மூன்றாவது எட்டில் குதிகாலுக்குப் பின்னால் தரை இல்லை. அங்கேயே நின்றாள். பள்ளத்துக் காற்று சேலையைத் தூக்கியது.

"ஏழடி இருக்கு," என்றாள். "நீங்க ஒரு பர்லாங் விட்டுத்தான போட்டிய?"

அவன் நுனியை இன்னும் அழுத்திப் பிடித்தான்.

"தெருதான் போச்சு. சரி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இந்தப் பள்ளமுமா எந்திரிச்சு நடந்து வந்துச்சு?"

கல்யாணமாகி அஞ்சு வருசத்தில் அவள் அவனிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. வெயிலுமுத்து டேப்பைப் பிடித்துக் குனிந்தபடியே எண்ணைப் பார்த்தான், எண்ணைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லாததைப் பார்த்தான். "இங்க வாட்டி," என்றான். "பைய வா. எம்மா, பைய வா, விழுந்துராத."

அவள் வந்த பிறகுதான் அவன் டேப்பை விட்டான். பாயில் வந்து உட்கார்ந்து, தட்டில் கை வைத்தான், எடுக்க முடியவில்லை, பாக்கு உருண்டது, வெற்றிலை நழுவியது, உதவி செய்யப் போன சவரிமுத்துவைச் சொர்ணம் கண்ணால் நிறுத்தினாள். மூன்றாவது தடவையில் ஒரு வெற்றிலை அவன் கைக்குள் வந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், ரொம்ப நேரம் கையை எடுக்காமல் ஒற்றிக்கொண்டே இருந்தான். பிறகு, முகூர்த்தம் கேட்கிற ஆள்போல, "எத்தன மணிக்கி?" என்று கேட்டான்.

"பதினொண்ணுக்குள்ள," என்றாள் நர்சம்மா. பன்னிரண்டுக்கு என்ன திறக்கும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

வேன் தெருவில் நின்றது, திடலுக்குள் வரமாட்டேன் என்று டிரைவர் சொல்லிவிட்டான். குடிக்காமல், வெயிலில், கண்ணைத் திறந்துகொண்டு வெயிலுமுத்து அந்தத் தூரத்தை முதல்தடவையாக நடந்தான். கொத்தனார் நடை, ஒவ்வொரு எட்டாக எண்ணிக்கொண்டே நடந்தான். நூறு வரைக்கும் சத்தமாக எண்ணினான், பிறகு உதட்டால் எண்ணினான், பிறகு நின்றுவிட்டான். தெருவும் பாதி, வீடும் பாதி. திரும்பிப் பார்த்தான். "இம்புட்டு தூரமாட்டி," என்றான், "குடத்தோட?" முப்பிடாதி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். தெருவில் நின்ற ஆம்பளைகள் அவனுக்கு வழிவிட்டு, அவன் கண்ணைப் பார்க்காமல், வேன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கூட்டிப் போனார்கள். இருபத்தொரு நாள், முதல் வாரம் யாரும் பார்க்கக்கூடாது. சொர்ணமும் சவரிமுத்துவும் டாக்டரிடம் பேசப் போனார்கள், நர்சம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட் வாங்கப் போனாள், முப்பிடாதி மட்டும் நீளமான வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வீடு திரும்பி வராது என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குச் சாயங்காலமும் அந்தத் தூரத்தை நடக்கவேண்டும், அங்கே பீடி இலை நனைத்தது நனைத்தபடி கிடக்கும், இருபத்தொரு நாளும் படியில் அவன் கால் விழாது. ஏழடி ஏழடியாகவே இருக்கும். அது போதுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேர், ஊர், எப்போதிருந்து குடிக்கிறார், அடிப்பாரா, என்று கேட்டு எழுதினாள். எழுதி முடித்து, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள்.

முப்பிடாதிக்கு முதலில் புரியவில்லை. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

"நானா?"

"நீதான்."

சேலை முந்தியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். அந்த அம்மாள் எழுந்து போகவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு," என்று தொடங்கினாள் முப்பிடாதி, "எனக்கு ஒருநாள், சித்திரை வெயிலு, தண்ணி எடுத்துட்டு வாரேன், பாதித் திடல்ல நின்னுட்டேன். முன்னால வீட்டுச் சத்தமும் கேக்கல, பின்னால தெருச் சத்தமும் கேக்கல. குடத்த எறக்கி வைக்கல, அப்படியே நிக்கேன். யாராச்சும் என் பேரச் சொன்னா நல்லாருக்கும்னு இருந்துச்சு. யாரும் இல்ல. சரி, நம்ம பேர நம்மளே ஒரு மட்டம் சொல்லிப் பாப்பமேன்னு வாயத் திறந்தேன், திறந்தா, எனக்கு..."

"வெயிலுமுத்து கூட வந்தவங்க யாரு?" உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "முப்பிடாதி யாரும்மா? முப்பிடாதி! கையெழுத்துப் போடணும், சீக்கிரம் வாங்க."

"இந்தா, வாரேன்," என்று எழுந்தாள். ரெண்டு எட்டு போனவள் திரும்பி வந்து, அந்த அம்மாளின் நோட்டு விளிம்பை ஒரு விரலால் தொட்டு, "போயிராதீங்க என்னா, வந்து சொல்லுதேன், வாயத் திறந்தனா, திறந்தா எனக்கு என் பேரு வரல," என்றாள்.